அவளுக்கு எடுத்த ஆறு புடவைகள்

மாலை ஏழரை மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு சோபா வரும். எங்கள் கூடத்தில் சோபா கிடையாது. தொலைக்காட்சிக்குள் கிடக்கும் சோபாவைச் சொல்கிறேன். அதில் ஒன்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள், எல்லோரும் நம்மைப் பார்த்தே பேசுவார்கள். மனைவியை இழந்த ஒருவனும் கணவனை இழந்த ஒருத்தியும் கல்யாணம் செய்துகொண்டு, அவன் பிள்ளைகள், அவள் பிள்ளைகள், கூட ஒரு சமையல்காரர் என்று ஒரே பங்களாவில் குடியிருக்கிற காமெடி சீரியல் அது. யாராவது வாயைத் திறந்தால் பின்னாலிருந்து ஒரு கூட்டம் சிரிக்கும். அந்தக் கூட்டத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்தால் நாலு கேள்வி கேட்பேன் என்று நினைத்திருந்தேன்.

அதில் வருகிற இரண்டாம் மனைவி தூங்கி எழும்போதே காதில் ஜிமிக்கி ஆடும். அவள் பிள்ளையும் அவன் பிள்ளையும் யார் முதலில் குளிப்பது என்று சண்டை போடும் குளியலறை எங்கள் கூடத்தைவிடப் பெரியது. காபியில் மிளகாய்த்தூளைக் கொட்டுவார்கள், அப்பா தும்முவார், கூட்டம் சிரிக்கும், விளம்பரம் வரும். விளம்பரம் முடிந்ததும் எல்லோரும் கட்டிப்பிடித்துக் கொள்வார்கள். எல்லாம் அரை மணி நேரத்துக்குள். எங்கள் வீட்டில் ஒரு நீல வாளி யாருடையது என்கிற விவகாரம் ஒன்றரை வருஷம் ஓடியது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை, வாளிதான் உடைந்தது.

இந்த அசட்டுத்தனத்தை என் கணவர் பாடப்புத்தகம் மாதிரி பார்ப்பார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, இவர் பக்கத்து சீட்டில் தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குடும்பத்திலும் தன் காலடியில் அப்படி ஒன்று இருப்பதாக அவருக்கு நினைப்பு. சீரியலில் ஒரு முறை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நிறத்தில் சட்டை போட்டார்கள். அடுத்த பௌர்ணமிக்கு நாங்கள் நாலு பேரும் ஆரஞ்சு நிறத்தில் கிரிவலம் போனோம். கிரிவலக் கூட்டத்தில் பிள்ளைகளைத் தொலைக்காமல் இருக்க வசதியாக இருந்தது என்பதைத் தவிர ஒரு நன்மையும் இல்லை.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் குடும்ப நீதிமன்றம் கொடுத்த காகிதத்தோடும் ஏழு வயது மகளோடும் இந்த வீட்டுக்குள் வந்தவள். அவர் மனைவியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, பத்து வயது மகளோடு இருந்தவர். ஆறு வருஷம் ஆகிறது. அவர் மகளைப் பெரியவள் என்றும் என் மகளைச் சின்னவள் என்றும் சொல்கிறேன், வீட்டிலும் அப்படித்தான்.

இந்த மாதிரிக் கதைகளில் பெரியவள் என்னை எப்போது அம்மா என்று கூப்பிடுவாள் என்பதுதான் பெரிய கேள்வியாக இருக்கும். சீரியலில் முப்பதாவது பகுதியில் அது நடந்தது, வயலின் வாசித்தார்கள். எங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. முதல் நாளே சித்தி என்றாள், இன்றைக்கும் சித்தி என்கிறாள். சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்றால் ஜாஸ்தி சித்தி என்பாள், கம்மி என்றால் கம்மி சித்தி என்பாள். அதில் அன்பும் இல்லை, விஷமும் இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. எங்களுக்குள் கிடந்த சண்டை ஒரு புடவையைப் பற்றியது. அப்படி ஒரு சண்டை இருப்பதே ஆறு வருஷமாக எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் பூவோடும் மஞ்சளோடும் போய்ச் சேர்ந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். இந்த வீட்டில் வருஷா வருஷம் ஆடி வெள்ளியில் படையல். விளக்கேற்றி, மணையில் புதுப் புடவையும் ரவிக்கைத் துணியும் வளையலும் பூவும் வைத்து, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, அந்தப் புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிக்கொண்டால் அவளே வந்து வீட்டில் இருக்கிற மாதிரி.

நான் வந்த முதல் ஆடியில் கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைய. நீதிமன்றத்துக் காகிதத்தோடு வந்தவள் முதல் மனைவியின் பாத்திரத்தை எப்படிப் பிடிக்கிறாள், விளக்கை எந்தக் கையால் ஏற்றுகிறாள் என்று பார்க்க வந்தவர்கள். படையல் முடிந்ததும் என் நாத்தனார் மணையிலிருந்து புடவையை எடுத்து நேராக என் கையில் வைத்தார். "நீதான் கட்டணும். இனிமே அவளும் நீயும் ஒண்ணு" என்றார். அத்தோடு கூடத்தில் எல்லோர் வாயும் மூடிக்கொண்டது. பதிவு அலுவலகத்தில் போட்ட கையெழுத்து கொடுக்காத இடத்தை அந்தப் புடவை எனக்குக் கொடுத்தது. அது இல்லையென்றால் நான் இந்த வீட்டில் சமைக்கிறவள், அது இருந்தால் இந்த வீட்டுக்காரி. அதனால்தான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

போன ஆனி மாதம், படையலுக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது, சீரியலில் இதையே காமெடியாக்கினார்கள். இரண்டாம் மனைவி முதல் மனைவியின் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கி வருகிறாள். பேய் என்று நினைத்து சமையல்காரர் தட்டைப் போடுகிறார். தட்டு விழுவதை மூன்று பக்கத்திலிருந்து மூன்று முறை காட்டினார்கள். அப்பா மயங்கி விழுகிறார், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. கடைசியில் மூத்த பெண் ஓடி வந்து, உங்களில் எங்கம்மாவைப் பார்க்கிறேன் என்று கட்டிக்கொள்கிறாள். சின்னவள் தட்டுக்குச் சிரித்தாள். என் கணவர் அந்தக் கட்டிப்பிடிப்புக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு எங்களைப் பார்த்து, நம்ம வீட்டிலும் அப்படித்தானே என்றார்.

பெரியவள் தரையில் உட்கார்ந்து ஊறவைத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. "எங்கம்மாவுக்கு மெரூன் புடிக்காது" என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று முதலில் எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை. சீரியலில் கட்டியிருந்த புடவை ரோஸ் நிறம். பிறகு அவளே ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதல் வருஷம் மெரூன். அடுத்தது காபிப் பொடி நிறம். அப்புறம் இங்க் ப்ளூ. மறுபடியும் மெரூன், அரக்கு பார்டர். கத்தரிப்பூ. போன வருஷம் கரும்பச்சை. அவங்க இருந்திருந்தால் இதில் ஒன்றைக்கூடத் தொட்டிருக்க மாட்டாங்க, அவங்களுக்கு வெளிர் நிறம்தான் பிடிக்கும், யாரும் கேட்கவில்லை என்றாள். குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. கடலைத் தோலைக் கையில் கூட்டி எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆறு வருஷமாக மனதுக்குள் பட்டியல் போட்டு வைத்திருந்தாயா, புடவை எடுத்தது நானா உங்கப்பாவா என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொன்னதாக ஆகியிருக்கும்.

ஒவ்வொரு ஆடிக்கும் தேரடி வீதிக் கடைக்கு அவரோடு நானும்தான் போவேன். கடைக்காரர் உங்களுக்கா மேடம் என்று கேட்பார். நான் ஆமாம் என்பேன். கண்ணாடி முன்னால் நின்று தோளில் போட்டுப் பார்ப்பேன். எனக்கு வெளிர் நிறம் எடுக்காது, முகம் கறுத்துத் தெரியும். அதனால் மெரூன். செத்துப்போனவளுக்கு வைக்கிற புடவையை என் தோலுக்குப் பொருத்தம் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். அவரும் தலையைச் சாய்த்துப் பார்த்து நல்லா இருக்கு என்பார். இரண்டு பேருக்கும் ஒரு வருஷம்கூட உறைக்கவில்லை. ஆடி என்றால் எனக்கொரு புதுப் புடவை, அவ்வளவுதான். பூவாடைக்காரி பெயரைச் சொல்லிக்கொண்டு என் பீரோ நிறைந்தது.

இதைவிடக் கேவலமான ஒன்று உண்டு. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் நான் வேலை பார்க்கிறேன். சாவி கொடுப்பது, வாங்குவது, எந்த அறைக்கு வெந்நீர் வரவில்லை என்று கேட்பது. மன அமைதி தேடி எங்கெங்கிருந்தோ வந்து, வெந்நீர் இல்லை என்று என்னிடம் கத்துகிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறேன். அவர்களில் ஒரு வெளிநாட்டு அம்மாள் ஒரு நாள் நான் கட்டியிருந்த அரக்கு பார்டர் புடவையைப் பாராட்டி, யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டார். என் கணவரின் முதல் மனைவி என்று சொன்னேன். எவ்வளவு பெரிய மனசு என்றார். ஆமாம், ஆனால் அவள் செத்துவிட்டாள் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் இன்னொருவரிடமும் அதே ஜோக்கைச் சொன்னேன்.

சீரியலில் சிரிக்கும் கூட்டத்தை நான் பார்த்ததில்லை என்றேன். பார்த்திருக்கிறேன். வரவேற்பு மேஜைக்கு முன்னால் உட்காரவைத்து நானே சிரிக்க வைத்திருக்கிறேன்.

பெரியவள் எழுந்துபோன அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை என் கணவர் குடும்பக் கூட்டம் போட்டார். அதுவும் சீரியலிலிருந்து எடுத்ததுதான். அங்கே அப்பா ஒரு சின்ன மணியை அடித்துவிட்டுப் பேச ஆரம்பிப்பார். இவர் மணிக்குப் பதில் டம்ளரில் ஸ்பூனால் தட்டினார். எல்லோரையும் கட்டிலில் உட்காரவைத்து, எல்லோருடைய உணர்வும் முக்கியம் என்று ஆரம்பித்தார். எனக்குக் கூசியது. அப்புறம் தன் தீர்ப்பைச் சொன்னார். இந்த வருஷம் இரண்டு புடவை எடுத்து வைத்துவிடலாம். ஒன்று சித்திக்குப் பிடித்த நிறம், ஒன்று அம்மாவுக்குப் பிடித்த நிறம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

பெரியவள் அவரிடம் கேட்டாள். "சித்திக்கு எதுக்குப்பா படையல்? அவங்கதான் உயிரோட இருக்காங்களே."

சின்னவள் சிரித்துவிட்டாள். அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். அப்போது பெரியவள் என்னைப் பார்த்தாள். எதிரியைப் பார்க்கிற பார்வை இல்லை அது. இந்த மனுஷனை என்ன செய்வது என்கிற பார்வை, அவ்வளவு ஏளனம். அந்த ஏளனம் எனக்கு மிகவும் பழக்கமானது, என் முகத்தில் தினமும் ஏழரை மணிக்கு வருவது. இத்தனை நாள் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே குப்பையை ஒரே முகத்தோடு பார்த்திருக்கிறோம். பக்கத்தில் இருந்தவளை மட்டும் நான் பார்க்கவில்லை.

அதற்காக உடனே மனம் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அதெல்லாம் சோபாவில் நடப்பது. அன்று மத்தியானமே நாத்தனாருக்கு போன் செய்தேன். பெரியவளே புடவையைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்பது போலக் கேட்டேன். வேண்டாம் என்று அவர் சொல்வார் என்பது எனக்குத் தெரியும். அப்படியே சொன்னார். வயசுப் பெண் கட்டக்கூடாது, கட்டினால் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள், நீதான் கட்ட வேண்டும் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வழக்கம் என் பக்கம். பதினாறு வயதுப் பெண் அம்மாவின் புடவைக்கு ஆசைப்பட்டால் அதற்கெதிராக ஆள் சேர்க்கிற பெண்பிள்ளை நான். சீரியலில் இப்படி ஒருத்தியைக் காட்டினால், இவளை வீட்டை விட்டுத் துரத்துங்கள் என்று நானே சொல்லியிருப்பேன்.

நாத்தனார் சொன்னதைப் பெரியவளிடம் சொன்னேன். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கட்டுவது பற்றிப் பேசவே இல்லை. "எடுக்கிறப்ப நானும் வரேன்" என்றாள். "அப்பா வேணாம்."

தேரடி வீதிக் கடையும் வேண்டாம் என்றாள். கீழ்பென்னாத்தூர் அவள் அம்மா பிறந்த ஊர். அங்கே பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு சின்ன ஜவுளிக்கடை, அவள் அம்மா அங்கேதான் எடுப்பாள். சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். டிக்கெட்டை அவளே எடுத்தாள், ஜன்னல் சீட்டை எனக்கு விட்டாள். அது மரியாதையா, ஒதுக்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைக்காரர் பாய் விரித்து உட்காரவைத்தார். பெரியவள் தேடவே இல்லை. வெளிர்ப் பச்சை, மாம்பழ மஞ்சள் பார்டர், காட்டன் என்று மருந்துச்சீட்டை வாசிப்பதுபோலச் சொன்னாள். அவர் எடுத்துப் போட்டார். கிளிக்குஞ்சு நிறம். என் கண்ணே கூசியது. அவரும் என் முகத்தைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார். வியாபாரி அல்லவா, உங்க நிறத்துக்கு இது எடுக்காதுங்க என்று சொல்லிவிட்டு, அடுக்கிலிருந்து வேறொன்றை உருவி என் மடியில் விரித்தார். மெரூன். நல்ல மெரூன். தங்க நிறத்தில் கம்பிக் கோடு போட்டிருந்தது. என் கை தானாகவே அதைத் தடவியது.

தடவுகிற கையைப் பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரிந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஆறு வருஷம் பார்த்தவளுக்குத் தெரியாதா.

கையை எடுத்தேன். "எனக்கு இல்லைங்க. இவங்கம்மாவுக்கு" என்றேன்.

"அவங்க வரலீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

பெரியவள்தான் பதில் சொன்னாள். "வரலைங்க. அவங்களுக்கு இதான் புடிக்கும், கட்டிக் குடுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பையை அவள் மடியில் வைத்திருந்தாள். பாதி வழியில், அம்மாவுக்கு முருங்கைக்கீரைப் பொரியலில் தேங்காய் போட்டால் பிடிக்காது, நீங்கள் வருஷா வருஷம் போடுகிறீர்கள் என்றாள். இந்த வருஷம் போடவில்லை என்றேன். இன்னும் எத்தனை வைத்திருக்கிறாயோ என்று எரிச்சலாகவும் இருந்தது. கேட்காமல் விட்டவள் நான் என்பதால் எரிச்சலை விழுங்கிக்கொண்டேன்.

ஆடி வெள்ளியன்று நாத்தனார் காலையிலேயே வந்துவிட்டார். மணையில் கிடந்த கிளிக்குஞ்சுப் பச்சையைப் பார்த்து, என்ன இது கண்ணைப் பறிக்கிறது என்று முணுமுணுத்தார். கற்பூரம் காட்டி முடிந்ததும் வழக்கம்போலப் புடவையை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. பெரியவளிடமே கொடுத்துவிடுங்கள், கட்ட வேண்டாம், அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். சொல்லிவிட்டு அவசரமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பெருந்தன்மையால் இல்லை. ஆறு வருஷம் பிடித்திருந்த இடத்தை எல்லோர் முன்னாலும் விடுகிறேனே என்கிற பயத்தால்.

நாத்தனார் அது முறையில்லை என்று ஆரம்பித்தார். என் கணவர் சமாதானம் பேசத் தொண்டையைச் செருமினார். நல்லவேளை, கையில் ஸ்பூன் இல்லை. அதற்குள் பெரியவள் அத்தையின் கையிலிருந்து புடவையை வாங்கிக்கொண்டாள். ஒரு முறை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். புதுத்துணியின் கஞ்சி வாசனையைத் தவிர அதில் என்ன இருந்திருக்கும். பிறகு என் முன்னால் வந்து நீட்டினாள்.

"நீங்களே கட்டுங்க சித்தி. உங்களுக்கு நல்லாவே இருக்காது. ஆனா எங்கம்மா புடவை அது."

உள்ளே போய்க் கட்டினேன். அவள் சொன்னது சரி, நன்றாகவே இல்லை. கண்ணாடியில் என் முகம் அடுப்புக்கரி மாதிரி தெரிந்தது. இத்தனை வருஷம் அந்தக் கண்ணாடி முன்னால் நின்றபோதெல்லாம் நானே தெரிந்தேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக, இது என் புடவை இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. மாற்றிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மாற்றவில்லை. அப்படியே வெளியே வந்து இலை போட்டேன், பரிமாறினேன், பாத்திரம் தேய்த்தேன். நாத்தனாரை பஸ் ஏற்றிவிடத் தெருமுனை வரை போனேன். எதிர்வீட்டுப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏழரை மணிக்கு சோபா வந்தது. அன்றைக்கு அதில் யாருக்கோ பிறந்தநாள். முகத்தில் கேக்கைப் பூசிக்கொண்டு ஒன்பது பேரும் கட்டிப்பிடித்துக் கொண்டார்கள், கூட்டம் சிரித்தது. என் கணவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு பெரியவளைப் பார்த்தார். முகம் முழுக்க எதிர்பார்ப்பு. போனை எடுத்து, எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றார். வேண்டாம் என்று நானும் பெரியவளும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

மீந்த பொங்கலை எடுத்து வைக்க நான் எழுந்தபோது முந்தானை தரையில் புரண்டது. பெரியவள் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். "எங்கம்மா முந்தானைய இப்படி தொங்க விட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, அதை என் தோளைச் சுற்றி இழுத்து, இடுப்பில் அழுத்திச் செருகினாள். செருகின வேகத்தில் நகம் கீறியது, எரிந்தது. அவள் செருகி முடிக்கிறவரை நான் அசையாமல் நின்றேன்.